தாருக்கும் சரளைக்கும் ஒரே டயர்: கொங்கு வழிகளில் பைக் ஓட்டுபவர்களுக்கு

கொங்கு நாட்டில் தார் ரோடு பெரும்பாலும் தோட்டத்துக்குத் திரும்பும் இடத்தோடு நின்றுவிடும். அதற்கப்புறம் இட்டேரிதான். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டித்தடம், தடத்தின் மேல் உதிரிச் சரளை. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் கொறங்காடுகளை, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களை, ஒட்டிப் போகிற வழிகள் இப்படித்தான் இருக்கும். கோபி, பெருந்துறை பக்கம் போனால் கீழ்பவானி வாய்க்கால் கரை. பொள்ளாச்சி, உடுமலையில் பிஏபி (பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம்) வாய்க்கால் கரை. காலையில் இந்த வழிகளில் கிளம்புகிறவர் கால் மணி நேரத்தில் சேலம் – கோவை நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். வண்டி ஒன்று, டயர் ஒரு ஜோடி. இரண்டு வேலையையும் அதுவே செய்தாக வேண்டும்.

இப்படி இரண்டுக்கும் பொதுவாகச் செய்யப்படுவதைத்தான் டூயல் ஸ்போர்ட் டயர் என்கிறார்கள். 2016-இல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனும் 2019-இல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-உம் வந்த பிறகு இந்த வகை டயர்கள் நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கத் தொடங்கின. வண்டியோடு வந்த முதல் ஜோடி தேய்ந்ததும் அடுத்து எதைப் போடுவது என்ற கேள்வி வரும். கடையில் பெரிய பெரிய பட்டன், அதாவது தனித்து நிற்கும் ரப்பர் கட்டைகள், வைத்த டயர் தொங்கிக்கொண்டிருக்கும். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். சரளைக்கு இதுதான் சரி என்று கை தானாக அதை நோக்கிப் போகும். நம் ஊர்ச் சரளைக்குப் பெரும்பாலும் அது தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான காரணம் டயரில் பாதியும் தரையில் பாதியுமாக இருக்கிறது.

டயர் தரையை எப்படிப் பிடிக்கிறது

ஓடுகிற பைக்கில் ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். பிரேக் பிடிப்பது, திரும்புவது, வேகம் எடுப்பது எல்லாம் அந்தச் சிறு இடத்தின் வழியாகவே நடக்கின்றன.

தார் ரோட்டில் பிடிமானம் ரப்பருக்கும் தாருக்கும் நேரடியாக ஏற்படுவது. தாரின் மேல்பரப்பில் உள்ள நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் ரப்பர் நெகிழ்ந்து இறங்கிப் பற்றிக்கொள்கிறது. ஆகவே எவ்வளவு ரப்பர் தரையில் படுகிறதோ அவ்வளவு நல்லது. சாதாரண ரோடு டயரில் உள்ள கோடுகள் மழைத் தண்ணீரை வெளியேற்றுவதற்காகத்தான்; காய்ந்த தாரில் அவற்றுக்கு வேலையே இல்லை. கார், பைக் பந்தயங்களில் வறண்ட நாளில் கோடே இல்லாத வழுவழுப்பான டயர் போடுவது இதனால்தான்.

மண்ணில் இது தலைகீழ். மண்ணை ரப்பர் பற்ற முடியாது, மண் நகர்ந்துவிடும். டயரின் கட்டைகள் மண்ணுக்குள் இறங்கி, அதைப் பின்னால் தள்ளி, அந்த எதிர்ப்பில் வண்டியை முன்னே நகர்த்த வேண்டும். டிராக்டரின் பின் டயரில் அவ்வளவு உயரமான வரிக் கட்டைகளும் அவ்வளவு அகலமான இடைவெளியும் இருப்பது உழுத வயலில் இந்த வேலையைச் செய்யத்தான். அதே டிராக்டர் தார் ரோட்டுக்கு வந்தால் அதிர்ந்துகொண்டே போவதையும், கட்டைகளின் முனை சீக்கிரம் மழுங்குவதையும் எல்லோரும் பார்த்திருப்போம்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. கட்டை உள்ளே இறங்குவதற்குத் தரை இடம் கொடுக்க வேண்டும். கொங்குச் சரளையில் சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

நம் தரை எப்படிப்பட்டது

ஓர் இட்டேரியில் வண்டியை நிறுத்திவிட்டுக் குதிகாலால் தரையைக் கிளறிப் பாருங்கள். மேலே அரை அங்குலத்துக்கு உதிரிக் கல்லும் பொடியும் விலகும். அதன் அடியில் குதிகால் இறங்காது. வெயிலில் காய்ந்து, டிராக்டரும் டெம்போவும் ஏறி ஏறி இறுகிய செம்மண்ணோ பாறையோ இருக்கும். நம் பகுதிச் சரளை வழிகளில் பெரும்பங்கு இந்த ரகம்தான்: அடியில் கெட்டி, மேலே உருளும் கல்.

சிமென்ட் களத்தில் காயப்போட்ட சோளத்தின் மேல் வேகமாக நடந்து பார்த்தவருக்கு இந்தத் தரை புரியும். கால் வழுக்குவது களம் வழுக்குவதால் அல்ல. இடையில் உருளும் மணிகளால். இங்கே பட்டன் எவ்வளவு உயரமாக இருந்தாலும் பயன் இல்லை, அது கெட்டித் தளத்துக்குள் இறங்கப் போவதில்லை. இடைவெளி மிக அகலமாக இருந்தால் தரையில் படுகிற ரப்பரும் குறைந்துவிடும். இந்த மாதிரித் தரைக்கு வேண்டியது வேறு: கல் ஒதுங்கிக்கொள்ள நடுத்தரமான இடைவெளி, எண்ணிக்கையில் நிறைய ஓரங்கள், கல்லின் மேல் படிந்து வளைந்து கொடுக்கிற உடம்பு. இதில் மூன்றாவது தேவை, பாதி டயரிலும் பாதி நீங்கள் வைக்கும் காற்றிலும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பெரிய பட்டன் உண்மையாகவே உதவும் இடங்களும் நம்மிடம் இருக்கின்றன. நொய்யல், அமராவதி ஆற்றுப் படுகையின் மணல். உழுது போட்ட காட்டுக்குள் போகும் தடம். மழைக்குப் பிறகு இளகிய செம்மண். அங்கெல்லாம் கட்டை இறங்கும், பிடிக்கும். ஆனால் பல்லடம், பொங்கலூர், உடுமலை பக்கத்துக் கரிசல் மண் நனைந்துவிட்டால் பட்டன் டயரும் தோற்றுவிடும். களிமண் கட்டைகளுக்கு நடுவே அப்பி, டயரே வழுவழுப்பான உருளையாகிவிடும். மட்கார்டு தாழ்வாக இருந்தால் அதற்குள்ளும் அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும். அந்த மண்ணுக்கு டயர் தேடுவதைவிட, காய்கிற வரைக்கும் சுற்று வழியில் போவது மேல்.

எண்பதுக்கு இருபது என்றால் என்ன

டூயல் ஸ்போர்ட் டயர்களை 80/20, 60/40, 50/50 என்று பிரித்துச் சொல்வது வழக்கம். முதல் எண் ரோடு, இரண்டாவது எண் மண். 80/20 டயரைப் பார்த்தால் கட்டைகள் நெருக்கமாக, நடுவில் ஏறக்குறைய தொடர்ச்சியாக இருக்கும். 50/50-இல் கட்டைகள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். 20/80 என்றால் முழுப் பட்டன்.

இந்த எண்களை அரசோ தரநிர்ணய அமைப்போ சோதித்துக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தானே சொல்லிக்கொள்வது. ஒருவரின் 60/40 இன்னொருவரின் 70/30 ஆக இருக்கலாம். புதிதாக வாங்குபவர் எண்ணைக் கேட்டுக்கொண்டு, முடிவைக் கண்ணால் எடுப்பது நல்லது. காண்டினென்டல் கம்பெனியின் டிகேசி 70, டிகேசி 80 இரண்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே விளங்கும். ஒன்று ரோட்டை நோக்கிச் சாய்ந்தது, மற்றது தனித்தனிக் கட்டைகளாக நிற்பது. அந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் உள்நாட்டு டயர்கள் எதையும் பார்த்தவுடன் எந்தப் பக்கம் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம்.

பட்டன் பெரிதாகப் பெரிதாக ரோட்டில் என்ன இழக்கிறோம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். உயரமான கட்டை தார் ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது மடங்கிக் கொடுக்கும், அதனால் வண்டி நிற்கும் தூரம் கூடும். திருப்பத்தில் சாயும்போது வண்டி அசைவது போல இருக்கும். இரைச்சல் கேட்கும். மேலும், கட்டை மடங்கி நிமிர்வதால் சூடேறித் தேய்மானம் கூடும். ரோட்டிலேயே அதிகம் ஓடினால் பட்டன் டயரின் பின் சக்கரம் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே நடுவில் தட்டையாகிவிடும். ரோடு சார்ந்த டயர் அதைவிட இரண்டு மடங்கு தாராளமாக உழைக்கும். சித்திரை, வைகாசியில் கரூரிலும் ஈரோட்டிலும் கொதிக்கிற தாரில் ஓட்டுபவர்களுக்கு இது சிறிய செலவு அல்ல.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது மலை ரோடு. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. விடுமுறை நாளில் நம்மவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஏறுவது இவற்றில்தான். மழைத் தூறலில் ஈரமான தாரில் வளைவுக்குள் சாயும்போது டயரின் தோள்பட்டைப் பகுதியில் எவ்வளவு ரப்பர் தரையில் படுகிறது என்பதே வண்டியை வழுக்கி விழாமல் நிறுத்தி வைக்கும். பட்டன் டயர் மிகவும் பலவீனமாக இருப்பது இந்த இடத்தில். சரளையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வழுக்கினால் சிராய்ப்போடு போகலாம். மலை வளைவில், எதிரே பஸ் வரும்போது வழுக்கினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. இரண்டில் எந்தத் தரைக்கு முன்னுரிமை கொடுப்பது என்று தடுமாறினால், ஈரத் தாருக்குக் கொடுங்கள்.

அப்படியானால் எதை எடுப்பது

முதலில் உங்கள் ஓட்டத்தை அளந்து பாருங்கள். ஒரு வாரத்துக்கு மீட்டரைப் பார்த்து, தாரில் எவ்வளவு, சரளையில் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மனதில் போடும் கணக்கு எப்போதும் சரளையைக் கூட்டியே சொல்லும், ஏனென்றால் சரளையில் ஒரு கிலோமீட்டர் ஓட்டுவது தாரில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டுவதைவிட நினைவில் நிற்கும்.

தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர், அதன் பிறகு திருப்பூருக்கோ ஈரோட்டுக்கோ தாரில் ஓட்டம் என்றால் 80/20 போதும். பலருடைய நிலைமை இதுதான், இதைச் சொல்வதில் குறைவு ஒன்றும் இல்லை. வாரம் முழுதும் வாய்க்கால் கரை, தோப்பு, கொறங்காடு என்று சுற்றுபவர்கள், அதாவது ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மண்ணில் இருப்பவர்கள், 60/40 பக்கம் போகலாம். அவர்களும் நடுப்பகுதியில் கட்டைகள் நெருக்கமாகவும் ஓரத்தில் திறந்தும் இருக்கும் வடிவத்தைத் தேடினால் தாரில் நேராக ஓடும்போது தேய்மானம் குறையும். முழுப் பட்டன் டயர் மண் பந்தயங்களுக்கும், மணலிலும் சேற்றிலும் ஓட்டிப் பழக விரும்பி அதற்கென்றே ஒரு வண்டி வைத்திருப்பவர்களுக்கும் உரியது.

டயர் நன்றாக இருக்கிறது என்பதற்காகச் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் காட்டுத் தடங்களில் திரும்பிவிட வேண்டாம். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே நுழைவது குற்றம். யானை வழித்தடத்தில் எந்த டயரும் உதவாது.

ஸ்ப்ளெண்டர் போன்ற சாதாரண வண்டி வைத்திருப்பவர்கள் இதெல்லாம் நமக்கில்லை என்று ஒதுங்க வேண்டியதில்லை. 18 அங்குலச் சக்கரத்துக்குக் கட்டை வடிவப் பின் டயர்கள் எல்லா ஊரிலும் கிடைக்கின்றன. முன்னால் கோடு போட்ட டயரும் பின்னால் கட்டை டயருமாகப் பால் சொசைட்டிக்குப் போய்வருகிற வண்டிகளை எத்தனையோ பார்க்கலாம். ஆனால் இந்தப் பழக்கத்தில் ஒன்றை மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன்.

மண்ணில் பின் சக்கரம் வழுக்கினால் வண்டியின் வால் ஒரு பக்கம் போகும். ஆக்ஸிலரேட்டரைக் குறைத்தால் பெரும்பாலும் நேராகிவிடும். முன் சக்கரம் வழுக்கினால் அந்த அவகாசம் கிடைக்காது. ஹேண்டில்பார் மடங்கி, என்ன நடந்தது என்று தெரிவதற்குள் ஆள் தரையில் இருப்பார். ஆகவே இரண்டில் ஒன்றுக்குத்தான் கட்டை டயர் என்றால், அதை முன்னால் போடுவதுதான் புத்திசாலித்தனம். பின்னால் ரோடு சார்ந்தது, முன்னால் ஒரு படி திறந்த வடிவம். பின் டயர்தான் வேகமாகத் தேயும் என்பதால் செலவுக் கணக்குக்கும் இது பொருந்தும். நீங்கள் வாங்கும் கம்பெனி அந்த இரண்டு டயரையும் சேர்த்துப் போட அனுமதிக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். டயரின் உள்கட்டமைப்பில் ஒன்று ரேடியல் வகை, மற்றது பயஸ் வகை என்று இருந்தால் கண்டிப்பாகக் கேட்க வேண்டும்.

அகலமான டயர் போட்டால் பிடிமானம் கூடும் என்ற நம்பிக்கையும் நம்மிடம் வலுவாக இருக்கிறது. உருளும் சரளையில் குறுகிய முன் டயர்தான் கல்லை ஒதுக்கிக்கொண்டு அடியில் உள்ள கெட்டித் தளத்தைத் தொடும். அகலமானது கல்லின் மேலேயே மிதக்கும். ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் இரண்டிலும் முன்னால் 90 மில்லிமீட்டர் அகலத்தில் 21 அங்குல உயரச் சக்கரம் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. உயரமான சக்கரம் கல்லையும் குழியையும் சரிவாக ஏறிக் கடக்கும், சிறிய சக்கரம் முட்டிக்கொள்ளும். மேலும், ரிம்முக்கு மிஞ்சிய அகலத்தில் டயர் போட்டால் அதன் வடிவமே கெடும், செயினில் உரசும், ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) கணக்கும் ஸ்பீடாமீட்டரும் பிசகக்கூடும். வண்டியோடு வந்த அளவை மாற்ற வேண்டாம்.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது

ஹிமாலயன் 411-இன் முன் டயரை எடுத்துக்கொள்வோம். 90/90-21, 54 எஸ் என்று இருக்கும். முதல் 90 என்பது மில்லிமீட்டரில் அகலம். அடுத்த 90, அந்த அகலத்தில் 90 சதவீதம் உயரம் என்று பொருள். 21 என்பது ரிம்மின் அங்குல அளவு. 54 சுமைக் குறியீடு, அதாவது அந்த டயர் 212 கிலோ தாங்கும். எஸ் என்பது வேகக் குறியீடு, மணிக்கு 180 கிலோமீட்டர். இதே போல 57 என்றால் 230 கிலோ, 64 என்றால் 280 கிலோ. பி (P) என்றால் 150, எச் (H) என்றால் 210 கிலோமீட்டர். வேகக் குறியீட்டைப் பற்றி நம் ரோட்டில் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. சுமைக் குறியீடு அப்படியல்ல. பின்னால் இருபுறமும் நாற்பது லிட்டர் பால் கேன், அல்லது ஒரு தீவன மூட்டையோடு வீட்டுக்காரம்மாவும் என்று போகிறவர்கள், வண்டியோடு வந்த டயரின் எண்ணுக்குக் குறைவானதை விலை மலிவு என்று போடக்கூடாது.

இன்னும் ஒன்று, நான்கு இலக்கம் கொண்ட ஒரு சிறு கட்டம். 2324 என்று இருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ரப்பர் ஓடாமல் இருந்தாலும் வயதாகி இறுகும். எப்போதாவது எடுக்கிற தோட்டத்து வண்டிகளில் பட்டன் அப்படியே இருக்கும், ஆனால் ரப்பர் இறுகி, கட்டைகளின் அடியில் மெல்லிய வெடிப்பு ஓடியிருக்கும். அந்த டயர் ஈரத் தாரில் பிடிக்காது. ஐந்து வருடம் தாண்டிய டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். புதிது வாங்கும்போதும் இந்த எண்ணைப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்; ஆள் அதிகம் கேட்காத அளவுகள் கடையில் நீண்ட நாள் தங்கிவிடும்.

முள்ளும் டியூபும்

கிளுவை, வெள்வேல், சீமைக்கருவேல் – வேலி இருக்கும் இடமெல்லாம் முள். நம் வழிகளில் டயர் தேர்வில் இதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். வேலி வெட்டிய பிறகு இட்டேரி முழுக்க முள் கிடக்கும்.

அலாய் சக்கரத்தில் டியூப் இல்லாத டயர் இருந்தால் முள் குத்தினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும், ரப்பர் திரி வைத்து வழியிலேயே அடைத்துவிடலாம். கம்பிச் சக்கரங்களில் பெரும்பாலும் டியூப்தான், அதில் காற்று சட்டென்று போய்விடும். டயரில் டிஎல் (TL, டியூப் இல்லாதது) என்று எழுதியிருந்தாலும் ரிம் அதற்கு ஏற்றதாக இல்லையென்றால் டியூப் போட்டே ஆக வேண்டும்.

பஞ்சர் ஒட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வேலிமுள் டயரைத் துளைத்துவிட்டு வெளிப்பக்கம் ஒடிந்துவிடும். நுனி மட்டும் ரப்பருக்குள் உள்பக்கமாக ஓரிரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அனுபவமுள்ளவர் டயரின் உள்ளே ஒரு பழைய பனியன் துணியை விட்டுச் சுற்றிலும் தடவுவார். எங்கே நூல் மாட்டி இழுக்கிறதோ அங்கே முள் இருக்கும். அதைக் குறட்டால் பிடுங்கிய பிறகே டியூபை உள்ளே வைப்பார். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் டியூபை மட்டும் ஒட்டி மாட்டினால் ஊர் போய்ச் சேருவதற்குள் மறுபடியும் இறங்கும்.

17, 18 அங்குல டியூப் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். 21 அங்குலம் அப்படியல்ல. மூலனூரிலோ அந்தியூரிலோ சாயங்காலம் ஆறு மணிக்குத் தேடினால் கிடைக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. அந்த வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு 21 அங்குல டியூபைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு அதைப் பின் சக்கரத்திலும் திணித்து மெதுவாக வீடு வந்து சேரலாம். சின்ன டியூபை முன் சக்கரத்துக்கு நீட்ட முடியாது. கனமான டியூப் என்று தனியாக விற்பதை வாங்கினால் இன்னும் நல்லது.

காற்று

நல்ல டயரைத் தவறான காற்றில் ஓட்டுவதைவிட, சாதாரண டயரைச் சரியான காற்றில் ஓட்டுவது சரளையில் அதிகப் பிடிமானம் தரும். இதைக் காசு செலவில்லாமல் இன்றைக்கே சோதித்துப் பார்த்துவிடலாம்.

காற்று இறுக்கமாக இருக்கும் டயர் கல்லின் மேல் எகிறும். நாலைந்து பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறைத்தால் டயர் கல்லைச் சுற்றி வளைந்து கொடுக்கும், தரையைத் தொடும் இடம் நீளும். முன் சக்கரம் நடுங்குவது குறைவதைக் கையிலேயே உணரலாம். ஆனால் அளவு மீறிக் குறைத்தால் ஒரு பெரிய கல்லில் இடிக்கும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கும். கழற்றிப் பார்த்தால் டியூபில் அருகருகே இரண்டு வெட்டு இருக்கும், அது முள் குத்தியது அல்ல. ரிம்மும் வளையலாம். பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தாலோ சுமை இருந்தாலோ காற்றைக் குறைக்கவே வேண்டாம்.

திரும்பத் தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றைப் பழைய அளவுக்கு நிரப்ப வேண்டும். குறைந்த காற்றோடு வெயில் நேரத்தில் நெடுஞ்சாலையில் ஓடினால் டயரின் பக்கவாட்டு மடங்கி மடங்கிச் சூடேறும், டயர் உள்ளுக்குள் சேதமாகும். ஆகவே கையில் ஒரு சிறு காற்றளவுமானியும் ஒரு பம்பும் இல்லாதவர்கள் குறைக்கும் வேலையில் இறங்க வேண்டாம். தினமும் இரண்டு கிலோமீட்டர் இட்டேரிக்காக யாரும் இறங்கி ஏற்றிக்கொண்டிருக்க முடியாது. அவர்கள் வண்டியில் ஒட்டியிருக்கும் அளவிலேயே வைத்துக்கொண்டு, சரளையில் மெதுவாகப் போகலாம். நாள் முழுக்க மண்ணில் சுற்றப் போகிற அன்றைக்குக் குறைத்தால் போதும்.

காற்றை எப்போதும் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்னால் பாருங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் டயருக்குள் அழுத்தம் ஒன்றரை பிஎஸ்ஐ வரை ஏறும். நண்பகலில் ஓடி வந்த சூட்டில் அளந்து, அதிகமாக இருக்கிறது என்று இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைவாக இருக்கும்.

மாட்டிய பிறகு

டயரில் ஓர் அம்புக்குறி இருக்கும், அது சக்கரம் சுற்றும் திசையைக் காட்டும். அவசரத்தில் மாட்டுபவர்கள் இதைத் தவறவிடுவதுண்டு. டயரின் விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய கோடு சுற்றிலும் ஓடும். அது ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் உள்ளே மறைந்திருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை, ஓடும்போது குதிக்கும்.

புது டயரின் மேல்பரப்பு வழுக்கும். முதல் 150 கிலோமீட்டருக்கு அழுத்திப் பிரேக் பிடிப்பதையும் வளைவில் அதிகம் சாய்வதையும் தவிர்த்தால் மேல்தோல் உரசிப் போய் ரப்பர் பிடிக்கத் தொடங்கும். அதுவரைக்கும் கொல்லிமலைத் திட்டத்தைத் தள்ளி வையுங்கள். ஏபிஎஸ் உள்ள வண்டியாக இருந்தால் சரளையில் நிற்கும் தூரம் நீளும் என்பதையும் பழகிக்கொள்ள வேண்டும். பின் சக்கரத்துக்கு மட்டும் அதை அணைக்கும் வசதி சில வண்டிகளில் இருக்கிறது. தாருக்குத் திரும்பியதும் மறக்காமல் போட்டுவிடுங்கள்.

சில மாதம் ஓடிய பிறகு முன் டயரின் கட்டைகளின் மேல் உள்ளங்கையை ஒரு திசையில் தடவிப் பாருங்கள், பிறகு எதிர்த் திசையில் தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகப் போய், மறுபக்கம் ரம்பப் பல் போல மாட்டினால் கட்டைகள் ஒரு முனையில் மட்டும் தேய்ந்திருக்கின்றன. கட்டை டயர்களில் இது இயல்புதான். காற்று குறைவாக வைத்து ரோட்டில் ஓட்டினால் சீக்கிரம் வரும். இரைச்சல் கூடுவது இதனால்தான். லேசாக இருந்தால் காற்றைச் சரிசெய்து ஓட்டலாம். பற்கள் நன்றாகவே கையில் தட்டுப்பட்டால், பள்ளத்தில் உள்ள தேய்மான அடையாள மேடு இன்னும் தொலைவில் இருந்தாலும், அந்த முன் டயரை மாற்றிவிடுவதே என் ஆலோசனை. பின் டயரை அந்த மேடு வரைக்கும் தேய்க்கலாம். முன் டயரில் அந்தச் சிக்கனம் வேண்டாம்.